விமான விங்லெட்டுக்குக் கிராக்கி கூடுவது உண்மைதான், ஆனால் கோயம்புத்தூர் பட்டறைக்கு அதில் எது வரும்?

கணபதியில் சின்னதாக ஒரு சி.என்.சி. பட்டறை நடத்துகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: விமான இறக்கையின் நுனியில் மேல்நோக்கி மடங்கி நிற்கிற விங்லெட்டுக்கு வரும் ஆண்டுகளில் தேவை மளமளவென்று ஏறப்போகிறது என்று ஒரு சந்தை அறிக்கையில் படித்தாராம். பம்பு வேலை மந்தமாக இருக்கிறது, கடனில் ஐந்து ஆக்ஸிஸ் மிஷின் (பல கோணங்களில் திருப்பி வெட்டுகிற சி.என்.சி. மிஷின்) ஒன்று எடுத்து இந்தப் பக்கம் திரும்பலாமா, உண்மையிலேயே தேவை கூடுகிறதா, ஏன் கூடுகிறது, அது நம்ம ஊருக்கு வந்து சேருமா என்பது கேள்வி.

விமான உதிரிபாகங்களின் தர ஆய்வில் வேலை பார்க்கிறவன் என்கிற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தேவை கூடுவது உண்மை. ஆனால் அந்த அறிக்கையில் இருக்கிற சதவீதத்தை நம்பி மிஷின் எடுக்காதீர்கள் தம்பி. விங்லெட்டின் கிராக்கி என்று தனியாக ஒன்று கிடையாது. ஏர்பஸ்ஸும் போயிங்கும் மாதத்துக்கு எத்தனை விமானம் கட்டுகிறார்களோ அதன் நிழல்தான் அது. அந்த நிழலில் நம்ம பக்கத்துக்கு வரக்கூடிய வேலை விங்லெட்டாக வராது, அதைச் செய்வதற்குத் தேவைப்படுகிற சாமான்களாகத்தான் வரும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பம்பு தெரிந்தவருக்கு விங்லெட்டைப் புரியவைப்பது சுலபம். மூடி இல்லாத இம்பெல்லரில் (பம்புக்குள் சுற்றுகிற சக்கரம்) வேன் என்கிற இதழுக்கும் கேசிங் என்கிற வெளிக்கூட்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் என்ன ஆகும்? வேனின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு, தண்ணீர் விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் ஒழுகும், ஹெட் (தண்ணீரை ஏற்றுகிற உயரம்) விழும், மோட்டார் அதே கரண்டைத் தின்றுகொண்டிருக்கும். விமான இறக்கையிலும் அதேதான். அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு, நுனியில் தடுக்க எதுவும் இல்லை. அடியில் இருக்கிற காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது, விமானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அது பின்னால் ஒரு நீளமான சுழலாகப் போகிறது. இந்தச் சுழல் இறக்கைக்குப் பின்னால் இருக்கிற காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் இறக்கையின் தூக்குவிசை கொஞ்சம் பின்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் இழுவை, அதாவது விமானத்தைப் பின்னால் இழுக்கிற விசை. ஒரு பயணிகள் ஜெட் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மொத்த இழுவையில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த வகைதான், மெதுவாக மேலே ஏறும்போது இதன் பங்கு இன்னும் அதிகம்.

நுனியில் ஒரு சுவர் வைத்தால் ஒழுகாது அல்லவா என்று 1897-லேயே பிரிட்டிஷ்காரர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை எடுத்துவிட்டார், ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 6 வருடம் முன்னால். வெறும் சுவர் சரிப்படவில்லை, ஏனென்றால் சுவருக்கென்று உராய்வும் எடையும் உண்டு, மிச்சமானதை அதுவே தின்றுவிடும். 1970-களில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்ட் விட்கோம்ப் செய்தது வேறு. நுனியில் நிற்பதைச் சுவராகப் பார்க்காமல் ஒரு குட்டி இறக்கையாகவே வடிவமைத்தார். சுழன்று வருகிற காற்று அந்தக் குட்டி இறக்கையில் ஒரு கோணத்தில் பட, அதன் தூக்குவிசையில் ஒரு சின்னப் பங்கு முன்பக்கம் தள்ளும். வீணாகப் போகிற சுழலில் இருந்தே கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிற வேலை. நடுவானில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புகிற கே.சி.-135 என்ற டேங்கர் விமானத்தில் பொருத்தி 1979 வாக்கில் பறக்கவிட்டுப் பார்த்ததில் எரிபொருளில் 6 முதல் 7 சதவீதம் லாபம் கிடைத்தது. அப்படியிருந்தும் அமெரிக்க விமானப்படை அந்த டேங்கர்களுக்கு அதைப் பொருத்தவே இல்லை. சோதனையில் ஜெயித்த ஒன்று ஆர்டராக மாறுவதற்கு வேறு கணக்குகள் பல இருக்கின்றன, அதைப் பின்னால் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. இந்த இழுவையைக் குறைக்க விங்லெட்டைவிட நல்ல வழி இருக்கிறது: இறக்கையையே நீளமாக்குவது. அதே எடை, அதே வேகத்தில் இறக்கை அகலத்தை (ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்குமான தூரம்) 10 சதவீதம் கூட்டினால் இந்த வகை இழுவை சுமார் 17 சதவீதம் இறங்கும், ஏனென்றால் அது அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகிறது. அப்படியானால் ஏன் எல்லோரும் நீட்டவில்லை? விமான நிலையத்தில் இடம் இல்லை. உலகம் முழுக்க விமானம் நிறுத்தும் இடங்களை இறக்கை அகலத்தை வைத்து எழுத்து வரிசையில் பிரித்திருக்கிறார்கள். 'சி' பிரிவு என்றால் 36 மீட்டருக்குள், 'ஈ' பிரிவு என்றால் 65 மீட்டருக்குள். ஏர்பஸ் ஏ320-இன் பழைய இறக்கை 34.1 மீட்டர், ஷார்க்லெட் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிற விங்லெட் பொருத்தின பிறகு 35.8. போயிங் 737-800 விங்லெட்டோடு அதே 35.8, அதற்கு அடுத்த தலைமுறையான 737 மேக்ஸ் 35.9. இரண்டு கம்பெனியும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு அந்த 36 மீட்டர் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே வந்து நிற்கிறார்கள். பக்கவாட்டில் போக இடம் தீர்ந்ததும் மீதியை மேலே திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான் விங்லெட்.

இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றுகிற காற்றாலைகளைப் பாருங்கள். சில மாடல்களில் இறக்கை நுனி லேசாக வளைந்திருக்கும், பெரும்பாலானவற்றில் இருக்காது. காற்றாலைக்கு நிறுத்துமிடப் பிரச்சினை இல்லை, அதனால் அந்தத் தொழிலில் நுனியை மடக்குவதைவிட இறக்கையை நீட்டிக்கொண்டே போவதுதான் நடந்தது. அதே மாதிரி பீளமேட்டில் நம்ம விமான நிலையத்தில் புரொப்பெல்லரில் பறக்கிற ஏடிஆர் என்ற சின்னப் பயணிகள் விமானம் வந்து நின்றால் கவனியுங்கள், அதன் நுனியில் விங்லெட் கிடையாது. அகலம் 27 மீட்டர்தான், இறக்கை ஒடுங்கி நீளமாக இருக்கிறது, 36 மீட்டர் கோட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது, பறப்பதும் குறைந்த தூரம். பக்கத்தில் நிற்கிற ஏ320-இல் 2.4 மீட்டர் உயரத்துக்கு, ஆளைவிட உயரமாக, ஷார்க்லெட் நிற்கும். பழைய ஏ320 என்றால் அதுவும் இருக்காது, அம்பு முனை மாதிரி மேலும் கீழும் கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு தகடு மட்டும்தான் இருக்கும்.

சரி, கிராக்கிக்கு வருவோம். பணம் எங்கே மிச்சமாகிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஏ320 அளவு விமானம் மணிக்கு 2.4 டன் எரிபொருள் குடிக்கிறது, வருடத்துக்கு 3,500 மணி நேரம் பறக்கிறது என்று வையுங்கள். 8,400 டன். அதில் 3 சதவீதம் மிச்சம் என்றால் 252 டன், லிட்டரில் மூன்று லட்சத்துக்கு மேல். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் ஒரு விமானத்துக்கு ஒரு வருடத்தில் 2.8 கோடி ரூபாய். நம்ம நாட்டு விமான கம்பெனிகளின் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் எரிபொருள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏர்பஸ் 3.5, 4 சதவீதம் என்று சொல்வது நீண்ட தூரத்துக்கு. கோயம்புத்தூர் – சென்னை மாதிரி ஏறினதும் இறங்குகிற பயணத்தில் அந்த முழு லாபம் வராது, ஆனால் ஷார்க்லெட்டும் அதற்காகச் சேர்த்த பலமும் சேர்ந்த 200 கிலோ எடையை ஒவ்வொரு தடவையும் சுமந்தாக வேண்டும். ஷார்ஜா, சிங்கப்பூர் என்று போகும்போதுதான் அது தன் கூலியைச் சரியாகச் சம்பாதிக்கிறது.

எரிபொருள் விலை ஏறி இறங்கும், ஆனால் கிராக்கியைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற இன்னொன்று கரியமில வாயுக் கணக்கு. சர்வதேசப் பயணங்களுக்கான கோர்சியா என்ற ஈடுகட்டும் ஏற்பாட்டில் 2027 முதல் இந்தியாவும் கட்டாயமாக வருகிறது. ஐரோப்பாவில் 2025 முதல் விமான எரிபொருளில் 2 சதவீதம் பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும், 2030-இல் 6 சதவீதம். இந்தியாவும் சர்வதேசப் பயணங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்த எரிபொருள் சாதாரண எரிபொருளைவிடப் பல மடங்கு விலை. எனவே எரிக்காமல் விட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு கூடிக்கொண்டுதான் போகும்.

இங்கேதான் அந்தச் சந்தை அறிக்கைகளில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் வருகிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு சதவீதம் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இரண்டு வியாபாரம் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு திசையில் போகிறது.

முதலாவது, பறந்துகொண்டிருக்கிற பழைய விமானத்துக்குப் பிறகு பொருத்துவது. இதை ஒரு தொழிலாகவே உருவாக்கியவர்கள் சியாட்டிலில் இருக்கிற ஏவியேஷன் பார்ட்னர்ஸ். இறக்கையும் விங்லெட்டும் கூர்மையான மூலையில் சேராமல் வளைந்து சேருகிற வடிவம் அவர்களுடையது, லூயிஸ் கிராட்சர் 1994-இல் வாங்கின காப்புரிமை. 1999-இல் போயிங்கோடு சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் ஆரம்பித்து 737, 757, 767 என்று வரிசையாகப் பொருத்தினார்கள். 2014-இல் கீழேயும் ஒரு கத்தி நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பிளிட் சிமிட்டார் வகையை அமெரிக்காவின் யுனைடெட் விமான கம்பெனி முதலில் பறக்கவிட்டது. ஏர்பஸ்ஸின் ஷார்க்லெட் தங்கள் காப்புரிமையைத் தொடுகிறது என்று வழக்கு வேறு நடந்து, 2018-இல் சமரசம் ஆனது. 2022-இல் அயர்லாந்தின் ரயன்ஏர் விமான கம்பெனி தன் 400-க்கும் மேற்பட்ட 737-800 விமானங்களுக்கு இந்த சிமிட்டாரைப் பொருத்த முடிவு செய்தது, மொத்தம் சுமார் 20 கோடி டாலர் செலவு, 1.5 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்றார்கள். ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ அரை மில்லியன் டாலர் ஆகிறது. நான் மேலே போட்ட அதே மாதிரிக் கணக்கில் பார்த்தால் வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் டன் மிச்சம், போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். மூன்று வருடத்துக்குமேல் அந்த விமானம் தன்னிடமே பறக்கும் என்று நம்புகிற கம்பெனிதான் இதைச் செய்யும்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. 737-இன் முந்தைய தலைமுறை மொத்தமாக 7,000 சொச்சம் கட்டினார்கள், பயணிகள் விமானமாகக் கட்டுவது 2019-ஓடு நின்றது. அதற்குப் பிறகு வருகிற மேக்ஸ், ஏ320 நியோ எல்லாமே பிறக்கும்போதே விங்லெட்டோடு பிறக்கின்றன. பழைய ஏ320-க்குப் பொருத்துவது இன்னும் சிரமம். நுனியில் ஒரு துண்டு ஒட்டினால் விசை நுனியில் மட்டும் நிற்காது, இறக்கையின் வேர் வரைக்கும் வளைவு கூடும், அதனால் உள்ளே பலம் சேர்க்க வேண்டியிருக்கும். இப்போது இந்த வியாபாரம் கொஞ்சம் சூடாக இருப்பதற்குக் காரணம் புது விமானங்கள் நேரத்துக்கு வராததுதான். 2023-இல் பிராட் அண்ட் விட்னி இன்ஜினில் உலோகத் தூள் குறைபாடு வெளிவந்து இண்டிகோவில் மட்டும் 70 விமானங்களை ஒட்டி தரையில் நின்றன. உலகம் முழுக்கப் பழைய விமானங்களின் குத்தகையை நீட்டினார்கள். நீட்டினால் எரிபொருள் மிச்சம் பார்க்கத் தோன்றும். இது ஒரு சில வருடச் சூடு, அதற்குமேல் எண்ணிக்கை தானாகத் தேய்ந்துவிடும்.

இரண்டாவது வியாபாரம், தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவது. பெரியது இதுதான், நிலையாக வளர்வதும் இதுதான். 2024-இல் ஏர்பஸ் 766 விமானங்களைக் கைமாற்றியது, அதில் 602 ஏ320 குடும்பம். ஆக 1,204 ஷார்க்லெட். மாதம் 75 விமானம் கட்டுவோம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள், அது நிறைவேறினால் வருடத்துக்கு 1,800. போயிங் அதே 2024-இல் எல்லா மாடலும் சேர்த்து 348 மட்டும்தான் கொடுக்க முடிந்தது, ஜனவரியில் மேக்ஸ் ஒன்றில் பயன்படுத்தாத கதவுத் துளையை மூடியிருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதும் மாதம் 38-க்குமேல் கட்டக்கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு கட்டுப்போட்டது, அடுத்த வருட அக்டோபரில்தான் 42-ஆக உயர்த்த அனுமதித்தது. ஆர்டர் புத்தகத்தில் பல ஆயிரம் விமானங்கள் காத்திருக்கின்றன. அதாவது கேட்கிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை, கட்டுகிற வேகம்தான் கட்டுப்பாடு. இன்ஜின் வராவிட்டால் விங்லெட் எத்தனை தயாராக இருந்தும் பயன் இல்லை. அறிக்கையில் ஏறுகிற கோடு நேராக இருக்கும், தொழிற்சாலையில் அது இன்ஜின் லாரி வருகிற நாளைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

நம்ம பத்திரிகைகளில் வருகிற பெரிய ஆர்டர்களையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470, ஜூனில் இண்டிகோ 500, 2024 ஜனவரியில் ஆகாசா 150. எண்ணிக்கை பெரியதுதான், பெருமைதான். ஆனால் இந்தியக் கம்பெனி வாங்குகிறது என்பதால் விங்லெட் இந்தியாவில் செய்யப்படும் என்று அர்த்தம் இல்லை. ஏ320 ஷார்க்லெட்டைக் கொரியன் ஏர் நிறுவனத்தின் விமானத் தயாரிப்புப் பிரிவு பூசானில் செய்துவருகிறது, 2010-இல் கிடைத்த ஒப்பந்தம் அது. போயிங்குக்கான வளைந்த விங்லெட்டுகளை ஆஸ்திரியாவில் ஃபாக் நிறுவனம் செய்தது. கார்பன் நார் கூட்டுப்பொருளில் முழு விங்லெட் செய்ய அறை அளவுக்கு ஆட்டோகிளேவ் (அழுத்தத்தில் வேகவைக்கிற அடுப்பு), தூசு இல்லாத அறை, பத்து வருடத்துக்கு மேல் ஓடுகிற ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். ஒருமுறை ஒருவரிடம் போன வேலையைச் சுலபத்தில் இன்னொருவரிடம் மாற்றமாட்டார்கள், ஏனென்றால் மாற்றினால் சான்றிதழ் வேலை முழுக்கத் திரும்ப நடக்க வேண்டும்.

இந்தியாவுக்குள் கவனிக்க வேண்டியது என்றால் வதோதராவில் டாடா 2024 அக்டோபரில் திறந்த சி-295 தொழிற்சாலை. விமானப்படைக்கு வாங்கின 56-இல் 40 விமானங்கள் அங்கே கட்டப்படுகின்றன, அந்த விமானத்துக்கு விங்லெட் உண்டு. ஏர்பஸ் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் உதிரிபாகம் வாங்குகிறது, 2030-க்குள் 200 கோடி என்கிறது. பெங்களூர், பெலகாவி, ஹைதராபாத் பக்கம் ஏற்கெனவே நல்ல கூட்டம் இருக்கிறது. நம்ம பக்கம் ஜவுளி மிஷின் செய்கிற எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் விமானப் பாகங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது, சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனை பல காலமாக இருக்கிறது, தேஜஸ் போர் விமானங்களுக்கும் அது தளமாக இருந்திருக்கிறது, பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோயம்புத்தூரும் சேலமும் இருக்கின்றன, சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் ஓடுகிறது. வாசல் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். (சூலூர் மேலே பறக்கிற தேஜஸில் விங்லெட் எங்கே என்று கேட்காதீர்கள். ஒலியைவிட வேகமாகப் போகிற முக்கோண இறக்கைக்கு வேறு கணக்கு, நுனியில் துண்டு வைத்தால் வேகத்தில் இழுவைதான் கூடும்.)

இப்போது விங்லெட்டைப் பிரித்து மேஜையில் வைத்துப் பார்ப்போம், எது யாருக்கு என்று அப்போதுதான் தெரியும். தோல் கார்பன் நார். உள்ளே நீளவாக்கில் தாங்குகிற ஸ்பாரும் குறுக்கே வடிவம் கொடுக்கிற ரிப்பும். முன் விளிம்பு பெரும்பாலும் உலோகம், மழைத்துளியும் பறவையும் அடிக்கிற இடம் அது. மின்னல் விழுந்தால் பரவி ஓட, தோலுக்கு மேல் மெல்லிய செம்பு வலை. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை விளக்கு. பின் விளிம்பில் நிலைமின்சாரத்தை வெளியேற்றுகிற குச்சிகள். இறக்கையோடு சேர்கிற இடத்தில் அலுமினியம் அல்லது டைட்டானியத்தில் வெட்டின பொருத்துகள், போல்ட்டுகள். உங்கள் மிஷின் தொடக்கூடியது அந்தப் பொருத்துகளும் சின்னச் சின்ன பிராக்கெட்டுகளும். அதுவும் எண்ணிக்கையைப் பாருங்கள். உலகத்தில் அதிகம் விற்கிற விமானக் குடும்பத்துக்கே வருடத்துக்கு 1,204 ஷார்க்லெட்தான் போகிறது. ஒரு கார் பாகத்தில் அல்லது பம்பு ஷாஃப்டில் ஒரு வாரத்தில் இதைத் தாண்டிப் பார்த்தவர்கள் நீங்கள். விங்லெட் பொருத்து ஒன்றை மட்டும் நம்பி ஐந்து ஆக்ஸிஸ் மிஷினின் தவணையைக் கட்ட முடியாது. விமானத்தின் பல இடங்களுக்கான பாகங்களைச் சேர்த்து ஓட்டினால்தான் மிஷின் நிரம்பும்.

எனக்கு நம்பிக்கை இருக்கிற இடம் வேறு, அதுதான் கருவிகளும் அச்சுகளும். கார்பன் துணியை அடுக்கி வேகவைக்க அச்சு வேண்டும். சுமார் 180 டிகிரி செல்சியஸில் வேகும்போது சாதாரண எஃகு அச்சு விரியும், கார்பன் கிட்டத்தட்ட விரியாது, ஆறி வரும்போது அளவு தப்பிவிடும். அதனால் 36 சதவீதம் நிக்கல் கலந்த இன்வார் என்ற இரும்பில் அச்சு செய்கிறார்கள். அப்புறம் துளை போடுகிற ஜிக், ஓரம் வெட்டுகிற ஃபிக்ஸர், அளவு பார்க்கிற கேஜ், பாகத்தை வைத்துத் தள்ளுகிற டிராலி. இவை பறக்காத சாமான்கள், எனவே பறக்கிற பாகத்துக்கு இருக்கிற அத்தனை சான்றிதழும் இவற்றுக்குத் தேவையில்லை. பேட்டர்ன், டை, ஃபிக்ஸர் என்று தலைமுறையாகச் செய்து பழகின ஊர் இது. குறிச்சி சிட்கோவிலும் கணபதியிலும் வரைபடத்தைக் காட்டினால் எங்கே கிளாம்ப் பிடிக்க வேண்டும் என்று கையாலேயே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் திறமையைக் கேட்டு வாங்க ஆள் உண்டு.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை, பல்லடம், சோமனூர் தறிக்காரர்கள் கவனித்தால் நல்லது. கார்பன் பாகத்தை வேகவைக்கும்போது மேலே பீல் பிளை என்று ஒரு நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியைப் போட்டு, வெந்த பிறகு உரித்து எறிந்துவிடுவார்கள், அடுத்த துண்டு ஒட்டுவதற்குச் சொரசொரப்பான சுத்தமான முகம் கிடைப்பதற்காக. இறுக்கமாக நெய்த சாதாரண நெசவுதான். ஆனால் துணியில் எண்ணெய், சிலிகான், சைசிங் (பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி) எதுவும் ஒரு துளி மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் ஒட்டு விடும். நெசவு கஷ்டம் இல்லை, சுத்தம்தான் கஷ்டம், அதை நிரூபிக்கிற சோதனை இன்னும் கஷ்டம். காற்றாலை இறக்கை செய்கிறவர்களும் இதே துணியை வாங்குகிறார்கள், அங்கே ஆரம்பித்துப் பழகலாம்.

டிரோன் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வால் இல்லாமல் வெறும் இறக்கையாகப் பறக்கிற டிரோன்களில் நுனியில் நிற்கிற துண்டுதான் திசையைப் பிடித்து வைக்கிற துடுப்பும். அளவு சின்னது, அச்சும் சின்னது, வாங்குகிறவர் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார், நேரில் போய்ப் பேசலாம்.

பறக்கிற பாகமே செய்ய வேண்டும் என்று உறுதியாக இருந்தால் ஏ.எஸ்.9100 என்ற விமானத் தொழிலின் தரச் சான்றிதழ் வேண்டும், அனோடைசிங், வெப்பப் பதம், விரிசல் சோதனை மாதிரி வேலைகளுக்கு நாட்கேப் ஒப்புதல் உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும். இதில் நம்ம பட்டறைகள் சறுக்குவது மைக்ரானில் இல்லை, காகிதத்தில். தெரிந்த ஒரு பட்டறையில் அலுமினிய பிராக்கெட் ஒரு லாட், அளவு ஒவ்வொன்றும் தங்கம் மாதிரி இருந்தது. வெட்டுகிற இடத்தில் மூலத் தண்டை இரண்டாக அறுத்தபோது ஹீட் நம்பர் (அந்த உலோகம் எந்த உருக்கில் வந்தது என்று காட்டுகிற எண்) ஒரு துண்டோடு போய்விட்டது, மறு துண்டில் எழுதவில்லை. எந்த பிராக்கெட் எந்தத் தண்டிலிருந்து வந்தது என்று காட்ட முடியவில்லை, மொத்த லாட்டும் கழித்த பாகங்களுக்கான சிவப்புப் பெட்டிக்குப் போனது. பம்பு வேலையில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே இருபது வருடம் கழித்து ஒரு விமானத்தில் விரிசல் வந்தால், அந்தப் பாகம் எந்த உருக்கில் வார்த்தது என்று தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். அந்தக் கண்டிப்பு சரியானதுதான், அதில் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடன் காலத்தை யோசித்தும் ஒன்று சொல்ல வேண்டும். இடப் பற்றாக்குறையால் பிறந்தது விங்லெட் என்றேன். அந்தப் பற்றாக்குறைக்கு வேறு தீர்வு வந்தால்? போயிங் 777எக்ஸ் விமானத்தில் விங்லெட்டே இல்லை. அகலம் 71.8 மீட்டர், தரையிறங்கினதும் நுனி மடங்கி 64.8 ஆகிவிடும், 65 மீட்டர் கோட்டுக்குள். ஏர்பஸ்ஸும் ஏ320-க்கு அடுத்து வரப்போகிற விமானத்துக்கு நீளமான, நுனி மடங்குகிற இறக்கையைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. 787-இல் ஏற்கெனவே நிமிர்ந்த விங்லெட் கிடையாது, நுனி பின்னோக்கிச் சாய்ந்து கூராக முடிகிறது. அடுத்த தலைமுறைச் சின்ன விமானம் வருவதற்கு இன்னும் பத்து வருடம் போல ஆகும், அதுவரைக்கும் நியோவும் மேக்ஸும் ஓடும், விங்லெட்டும் ஓடும். ஆனால் அப்போது நுனிக்குக் கீல், பூட்டு, மோட்டார் எல்லாம் தேவைப்படும், அது உலோகம் வெட்டுகிறவர்களுக்கான வேலை. விங்லெட்டைவிட அந்தக் கீல் நம்ம ஊருக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

ஆகவே தம்பி, இப்போதைக்கு உங்களிடம் இருக்கிற மிஷினிலேயே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் தினமும் செய்கிற பம்பு பாகம் ஒன்றை எடுத்து, மூலப்பொருள் சான்றிதழிலிருந்து ஆரம்பித்து, வரைபடத்தில் இருக்கிற ஒவ்வொரு அளவுக்கும் நம்பர் போட்டு, எந்தக் கருவியில் அளந்தீர்கள், அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பது வரைக்கும், விமானத் தொழிலில் முதல் பாகத்துக்குக் கேட்கிற முழு ஆய்வுக் கோப்பைத் தயார் செய்து பாருங்கள். ஏ.எஸ்.9102 படிவம் அதற்கென்றே இருக்கிறது. எங்கெங்கே பதில் இல்லாமல் கட்டம் காலியாக நிற்கிறது என்று குறித்து இங்கேயே போடுங்கள். அதைப் பார்த்தபிறகு ஃபிக்ஸர் பக்கம் போகலாமா, பாகம் பக்கம் போகலாமா என்று பேசலாம். மிஷின் விஷயத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.